வீமனும் பொங்கற் படமும்

எமது வீட்டு விறாந்தைச் சுவரிலே பழைய குடும்பப் படமொன்று தொங்குகின்றது. 1961ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் எடுக்கப்பட்டது. பாட்டனார் நடுவே சாய்மனைக் கதிரையில் வீற்றிருக்கின்றார். பாட்டியார் பட்டுச்சேலையின் தலைப்பைக் கையாற் பற்றியபடி அருகே நிற்கின்றார். பிள்ளைகள் எழுவரும் மூச்சை அடக்கிக்கொண்டு வரிசையாக நிற்கின்றனர். பாட்டனாரின் காலடியில் மாத்திரம் வெண்புகை போன்றதொரு மங்கல் தெரிகின்றது. அது யாதெனக் கேளாத விருந்தினர் இல்லை. அதுதான் அந்நாளில் வீட்டைக் காத்துநின்ற நாய். முக்காலியிலே கமராவை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்ட படப்பிடிப்பாளர், அசையவேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டாராம். நாயைக் கேட்க மறந்துவிட்டார் போலும். நிழலான இடத்திலே கமராவின் கண் சற்று நேரம் திறந்திருந்தாலன்றிப் படம் விழாத காலம் அது. அந்தச் சற்று நேரத்துக்குள் நாய் ஓர் ஈயைக் கண்டுவிட்டது என்பது எம் தந்தையார் கூறும் வரலாறு.

இன்று கைத்தொலைபேசியே கமராவாகிவிட்டது. நல்ல வெளிச்சத்தில் அது விநாடியின் நூற்றிலொரு கூற்றுக்கும் குறைவான நேரத்தில் உருவத்தைப் பிடித்துவிடுகின்றது. ஆதலால், பண்டிகை நாளிலே வீட்டு நாயைப் படமெடுப்பது பெரிய காரியமன்று என நாமும் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் கெட்ட கதையையே இங்கு சொல்லப் புகுந்தோம். பண்டிகைக்குப் படமெடுக்க ஆயத்தமாகும் வாசகர்களுக்கு இது பயன்படக்கூடும்.

எமது நாயின் பெயர் வீமன். நாயை அஃறிணையிற் கூறுவதே இலக்கண முறை. ஆயினும் எம் வீட்டில் அந்த விதி செல்லுபடியாவதில்லை. அவனை ஒரு மழைநாளில், உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக, கடகத்தில் வைத்துக் கொண்டுவந்தவள் எம் இளைய மகள். அவள் மணமாகி ரொறன்ரோவுக்குச் சென்றபோது வீமனுக்கு வயது இரண்டு. அவளுடைய உடைமைகளிற் பெரும்பாலானவை விமானம் ஏறின. இவன் மாத்திரம் படலையடியிலே நின்றுவிட்டான்.

அன்றுமுதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளிடமிருந்து ஒரே வேண்டுகோள் வரும். "அம்மா, எல்லாரும் நிண்டு படம் எடுத்து அனுப்புங்கோ. வீமன் இல்லாத படம் எனக்கு வேண்டாம்." ஆனால் வீமன் படத்துக்கு நிற்பவன் அல்லன். ஓராண்டு வால் மாத்திரம் வந்தது. ஓராண்டு பின்புறம் வந்தது. இன்னோராண்டு விளக்கொளி பாய்ச்சி எடுத்தபோது, இரு கண்களும் பச்சை நெருப்பாக எரிய, வைரவர் கோயிற் சுவரிலே தீட்டிய வாகனம் உயிர்பெற்று வந்ததுபோலத் தோன்றினான். நாயின் விழித்திரைக்குப் பின்னால், புகுந்த ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்றுண்டு. இருளிற் பார்ப்பதற்கு இயற்கை அளித்த கொடை அது. விளக்கைப் பாய்ச்சினால் அது எம்மையே திருப்பிப் பார்க்கும். அந்தப் படத்தைக் கண்ட மகளின் குழந்தை அழுதுவிட்டதாம்.

எனவே, 2024ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு எப்படியாவது திருத்தமான படம் ஒன்று எடுத்தே தீர்வதென உறுதிகொண்டோம். உறுதி என்பது சில வேளைகளில் மடமையின் மறுபெயராகி விடுவதுண்டு.

அன்று விடியுமுன் முற்றத்தைச் சாணமிட்டு மெழுகி, அரிசிமாவாற் கோலமிட்டு, நிறைகுடம் வைத்து, கரும்பும் நாட்டியாயிற்று. மூன்று கல் வைத்த அடுப்பிலே, கழுத்தில் இஞ்சியும் மஞ்சளும் கட்டிய புதுப்பானை ஏறிற்று. கொழும்பிலிருந்து மூத்த மகளின் குடும்பம் வந்திருந்தது. பேரன் கையிலே சீனவெடிச் சரம். பால் பொங்கி வழியும் கணத்தில் வெடி கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதை வாசகர் அறிவர்.

வீமனைக் குளிப்பாட்டினோம். செவ்வந்திப் பூமாலை ஒன்றை அவன் கழுத்தில் இட்டோம். அதன்மேல் சிவப்புப் பட்டுத் துண்டு ஒன்றைச் சால்வையாகக் கட்டினோம். (நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளுமே நன்கு புலப்படும், சிவப்பு வெறும் மங்கல் நிறமாகவே தோன்றும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அப்படியானால் அந்தச் சால்வை யாருக்காக?) அவன் ஓடிவிடக்கூடாதே என்று, பானையும் கோலமும் பின்னணியில் விழும்படியாக, முற்றத்து மாமரத்தில் நீண்ட கயிற்றாற் கட்டினோம். அங்கே இருத்தி ஒரு படமும் எடுத்தோம். அருமையாக வந்தது. மாலையும் சால்வையுமாக அவன் நேரே பார்த்து, நாக்கை நீட்டி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தான். "வீமன் சிரிக்கிறான், பாருங்கோ!" என்று வீட்டார் எல்லோரும் மகிழ்ந்தனர். அடுத்த நிமிடமே அது கடல் கடந்து ரொறன்ரோவுக்குச் சென்றுவிட்டது.

பால் பொங்கிற்று. பேரன் வெடியைக் கொளுத்தினான்.

பின்னர் நிகழ்ந்தவை யாவும் ஓரிரு விநாடிகளில் நிகழ்ந்தவை. அவற்றை எழுதும்போது இன்றும் எமது கை நடுங்குகின்றது. வீமன் துள்ளி எழுந்து அடுப்பைச் சுற்றி ஓடினான். கயிறு அடுப்புக் கல்லொன்றில் மாட்டி இழுபட்டது. பானை சரிந்தது. கொதிக்கும் பால் பேரன் நின்ற பக்கம் சாயாமல் மறுபக்கம் சாய்ந்தது. அதனை இறைவன் செயல் என்பதன்றி வேறு விதமாகக் கூற எமக்குத் தெரியவில்லை. மரத்திலே போட்ட முடிச்சு அவிழ்ந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு, கிடுகு வேலியின் பொட்டினால் நுழைந்து, ஒழுங்கையிலே இறங்கி அவன் மறைந்துவிட்டான். செவ்வந்திப் பூக்கள் வேலியடியிற் சிதறிக் கிடந்தன.

அவ்வாண்டு பொங்கல் எம் வீட்டில் இனிக்கவில்லை. அன்று முழுவதும் ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினோம். மாலையில் வைரவர் கோயிலடிக்குச் சென்றோம். வைரவருக்கு நாய்தானே வாகனம். வடைமாலை சாத்தும் நாட்களில் ஊர் நாய்கள் அங்கே கூடுவதும் வழக்கம். அங்கு அவன் இல்லை. இரவிலும் வெடியோசை ஓயவில்லை. மறுநாள் பட்டிப்பொங்கல். ஊர் முழுவதும் மாடுகளுக்குக் கொம்பிலே வண்ணமும் கழுத்திலே மாலையும் விளங்க, நாமோ கையிற் சங்கிலியும் வாயிற் பெயருமாக வயல் வரம்புகளில் நடந்தோம். இரண்டாம் இரவும் கழிந்தது. ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்து உண்மையைச் சொல்ல எமக்குத் துணிவு பிறக்கவில்லை. அவளோ அந்தப் படத்தைத் தன் அலுவலக மேசையிலே வைத்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை, விறகு பொறுக்கச் சென்ற அம்மா ஒருவர் படலையில் வந்து கூப்பிட்டார். "பிள்ளை, சிவப்புத் துண்டு கட்டின நாய் உங்கடையோ? அங்க பாழ்வீட்டுக் கிணத்தடியில பத்தைக்குள்ள கிடக்குது." ஓடினோம். கயிறு பற்றையின் வேர்களில் நான்கைந்து சுற்றுச் சுற்றியிருந்தது. பட்டுத் துண்டு கழுத்தில் இறுகியிருந்தது. குரைப்பதற்கும் அவனிடம் வலுவில்லை. எம்மைக் கண்டதும் வாலின் நுனியை மாத்திரம் இரண்டு தரம் அசைத்தான்.

மிருக வைத்தியர் இளவயதினர், பொறுமைசாலி. ஊசி வழியாக நீரேற்றிக் கழுத்துப் புண்ணைத் துடைத்து மருந்திட்டார். விசர்நாய்த் தடுப்பூசி அவ்வாண்டு போட்டாயிற்றா என்று முதலிலேயே கேட்டார். அந்த அட்டையைக் காட்டியபோதுதான் எமது முகத்தில் சிறிது உயிர் வந்தது. பின்னர், இது எங்ஙனம் நேர்ந்தது என வினவினார். நாம் வெட்கத்துடன் தொலைபேசியை எடுத்து அந்த "அருமையான" படத்தைக் காட்டினோம். அவர் அதனைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இவன் சிரிக்கேல்லை. 'என்னை விடுங்கோ' எண்டு கேக்கிறான்."

அவர் விரலால் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினார். காதுகள் பின்புறமாகத் தலையோடு ஒட்டிக் கிடந்தன. கண்ணின் ஓரத்தில் வெள்ளை விழி பிறைபோலத் தெரிந்தது. வால் பின்னங்கால்களுக்கு இடையிற் செருகியிருந்தது. நாம் சிரிப்பு என்று கொண்டாடிய அந்த நாக்கு, உணவு ஏதும் இல்லாதபோது நாய் தன் மூக்கை நக்கும் நக்கல். அச்சமும் தவிப்பும் உண்டானால் அது அப்படிச் செய்யுமாம். களைப்பின்றிக் கொட்டாவி விடுவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அத்தகையனவே. வெடி வெடித்தது பின்னர். அதற்கு முன்னரே அவன் எமக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று. அந்தச் சொல்லை நாம் படமாகவும் பிடித்துக் கையிலே வைத்திருந்தோம்; வாசிக்கத்தான் தெரியவில்லை.

வெடியைக் குறித்து வைத்தியர் கூறியதும் எம்மைச் சிந்திக்க வைத்தது. மனிதர் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும். நாயின் செவியோ 40,000க்கும் மேலே செல்லும். மெல்லிய ஒலியையும் எம்மினும் தொலைவிலிருந்தே அது கேட்கவல்லது. அத்தகைய செவியை மரத்திலே கட்டிவைத்து, அதன் அருகே நாம் சரவெடி கொளுத்தினோம்.

அவ்வாண்டு முழுவதும் அந்தப் படம் எமது நெஞ்சிலே முள்ளாகக் கிடந்தது. மகளிடம் உண்மையைச் சொன்னோம். அவள் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அலுவலக மேசையிலிருந்து அப்படத்தை எடுத்துவிட்டதாகப் பின்னர் மருமகன் வாயிலாக அறிந்தோம்.

2025இல் மீண்டும் பொங்கல் வந்தது. படமே வேண்டாம் என்று நாம் இருந்தோம். ஆனால் பேரன், அவனும் ஓராண்டு வளர்ந்தவனாய், "அப்பப்பா, பொங்கலண்டைக்குத்தான் எடுக்கவேணும் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டான். தாய்வழிப் பாட்டனாகிய எம்மை அவன் அப்பப்பா என்று அழைப்பது மழலையிலே தொற்றிக்கொண்ட பிழை. திருத்த எமக்கு மனம் வரவில்லை. கேள்வி மாத்திரம் பிழையானதன்று. பண்டிகையின் களையெல்லாம் மறுநாட் காலையிலும் முற்றத்தில் இருக்கத்தானே செய்கின்றது! கோலம் இருக்கும், கரும்பு இருக்கும். வெடி இராது, நெருப்பு இராது, விருந்தினர் கூட்டமும் இராது.

ஆகையாற் பொங்கல் நாளன்று வீமனுக்குப் படப்பிடிப்பு இல்லை, ஒளிப்பிடமே அளித்தோம். விடியுமுன், ஊரில் முதல் வெடி கேட்கும் முன்னரே, சங்கிலியிற் கொண்டுசென்று உலாத்திவந்தோம். பின்னர் உள்ளறையில் யன்னல்களைச் சாத்தி, வானொலியைச் சற்று உரக்க வைத்து, எம்முடைய பழைய சாரம் ஒன்றை விரித்து, தண்ணீரும் வைத்துப் படுக்கவிட்டோம். வேலிப் பொட்டுக்களையும் முதல்நாளே அடைத்தாயிற்று. கழுத்துப்பட்டியிலே தொலைபேசி இலக்கம் பொறித்த தகடு ஒன்று புதிதாக ஏறியிருந்தது. வெடி கேட்டபோது அவன் நடுங்கவே செய்தான். எம்மில் ஒருவர் அருகே அமர்ந்திருந்தோம்; நடுக்கம் அடங்கிற்று. பொங்கிய பானையை இம்முறை நாம் இருவராகச் சேர்ந்து பார்க்கவில்லை. அதனாற் குறையொன்றும் இல்லை.

பொங்கலில் அவனுக்கும் பங்கு உண்டு; ஆனால் முந்திரிகை வற்றல் சேர்க்குமுன் எடுத்த வெறும் சோறாகவே. முந்திரிகைப் பழமும் வற்றலும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும். அதற்கு அதிலுள்ள தாத்தாரிக் அமிலமே காரணமாகலாம் என 2021ஆம் ஆண்டில் அமெரிக்க மிருக வைத்தியர் சிலர் கருத்து வெளியிட்டனர். புளியிலும் அதே அமிலம் மிகுதி என்பதால் எமது குசினியிற் புளிச்சட்டியும் இப்போது உயரத்துக்கு ஏறிவிட்டது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சொக்கிலேற்று வேறு. பெட்டி திறக்கும் நாளில் நிலத்தில் விழும் துண்டு பிள்ளைக்கு இனிப்பு, நாய்க்கு நஞ்சு. படத்துக்கு முகத்தைத் திருப்புவதற்காக எதையாவது வாயிற் போடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டாகையால் இதனைச் சற்று விரித்துக் கூறினோம்.

பட்டிப்பொங்கற் காலை வந்தது. வெயில் ஏறுவதற்கு முன், விறாந்தை ஓரத்தில் நிழலும் வெளிச்சமும் கலந்து மென்மையாக விழும் ஏழு மணி அளவில், வீமன் தன் வழக்கமான இடத்தில் வந்து படுத்தான். நாம் அவனைக் கட்டவில்லை, படலையைத்தான் பூட்டினோம். மாலையைக் கழுத்திலிடாமல் அருகிலிருந்த நிறைகுடத்திற் சாத்தினோம். நேபாளத்தில், எமது தீபாவளியை ஒட்டிவரும் திகார்ப் பண்டிகையின் இரண்டாம் நாளை நாய்களுக்கென்றே ஒதுக்கி, தெருநாய்களுக்கும் மாலையிட்டு, நெற்றியிற் பொட்டிட்டு, உணவளித்து வணங்குகின்றனர். அழகிய வழக்கம், அங்கு மாலை பூசைக்கு உரியது. எம் வீமனோ மாலையைக் கண்டாலே இப்போது கட்டிலின் கீழே ஒளிகின்றான். அவனுக்கு அது வேறொன்றை நினைவூட்டுகின்றது.

உடை உடுத்தும் ஆசையையும் கைவிட்டோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹரி விற்றியர் பிறீஸ் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர், பூனைக்குட்டிகளுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் சட்டையும் தொப்பியும் அணிவித்து எடுத்த அஞ்சலட்டைப் படங்கள் பெரும் புகழ் பெற்றன. விநாடியின் ஐந்திலொரு கூறு நேரம் அவை அசையாதிருக்கவேண்டும். எடுத்தவற்றிற் பெரும்பகுதியை அவர் எறிந்துவிட நேர்ந்ததாம். அவர் பொறுமைசாலியே. எமக்கென்னவோ அப்படங்களிற் சட்டைதான் கண்ணிற் படுகின்றது, குட்டி படுவதில்லை. மேலும் எமது நாட்டு வெப்பத்தில், உடலால் வியர்வை சிந்தாமல் மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும் ஒரு பிராணிக்குச் சட்டை எதற்கு?

எமது பிழைகளில் இன்னொன்று அன்றுதான் விளங்கிற்று. இதுவரை எடுத்த படங்கள் யாவும் நின்றுகொண்டு குனிந்து எடுத்தவை. மேலிருந்து நோக்கினால் நாய் வெறும் முதுகும் தலையுமே. பேரன் வயிறு நிலத்திற் படக் குப்புறப் படுத்துக்கொண்டான். தொலைபேசி வீமனின் கண்மட்டத்துக்கு இறங்கிற்று. அங்கிருந்து பார்த்தபோது எமது முற்றமே வேறாகத் தோன்றியது. கோலம் ஒரு வெண்ணிற வயலாக விரிந்து கிடந்தது. விளக்கொளி பாய்ச்சவில்லை. நாம் வீமனுக்கு இரண்டு முழ தூரத்தில் நிலத்தில் அமர்ந்தோம். அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை, கழுத்தைச் சுற்றிக் கையைப் போடுவது எமக்கு அன்பு, பல நாய்களுக்கு அது பிடி. பேத்தி அவனைத் தழுவ ஓடிவந்தாள். "நீ இரு, அவன் வருவான்" என்று நிறுத்தினோம்.

படத்துக்கு இருவர் வேண்டும் என்பது வைத்தியர் சொல்லித்தந்த பாடம். ஒருவர் கமராவைப் பார்க்கவேண்டும். மற்றவர் நாயைப் பார்க்கவேண்டும். நாயைப் பார்ப்பவர் "போதும்" என்றால் படம் அத்துடன் நின்றுவிடவேண்டும். அந்த அதிகாரம் மூத்த மகளிடம் இருந்தது. மூன்று நிமிடம் ஆகுமுன் வீமன் கொட்டாவி விட்டான். "போதும்" என்றாள். எல்லோரும் எழுந்துவிட்டோம். பேரனுக்குச் சற்று ஏமாற்றம்.

அவன் தொலைபேசியை அணைக்குமுன், யாரும் எதிர்பாராத வேளையில், குசினியிலிருந்து பணிஸ் சுற்றிய கடதாசியின் சரசரப்புக் கேட்டது. வீமன் எழுந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதுகளை முன்னே நிமிர்த்தினான். பின்பு கோலத்தின் குறுக்கே ஓடிவந்து, எம் முழங்காலிலே முன்னங்கால் ஒன்றை வைத்தான். மூக்கெல்லாம் அரிசிமா. படுத்தபடியே பேரன் ஒரே ஒரு முறை அழுத்தினான்.

அந்தப் படத்தில் எமது தலை பாதி வெட்டுப்பட்டிருக்கின்றது. கோலம் கலைந்திருக்கின்றது. நிறைகுடம் ஓரத்துக்குப் போய்விட்டது. அப்படியே அனுப்பினோம். ரொறன்ரோவில் அப்போது முன்னிரவு. உடனே அழைப்பு வந்தது. சிறிது நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை.

"அம்மா," என்றாள் பின்னர், "அவனுக்கு முகமெல்லாம் நரைச்சுப்போச்சே?"

அருகே இருந்து அன்றாடம் பார்க்கும் எமக்கு அது தெரிந்திருக்கவில்லை. படத்தை விரித்துப் பார்த்தோம். அரிசிமா என்று நாம் நினைத்ததிற் பாதி அரிசிமா அன்று. வாயைச் சுற்றியும் கண்களின் மேலும் வெண்மை படர்ந்திருந்தது. கடகத்தில் வந்தவனுக்கு வயது ஒன்பதாகிவிட்டது.

"அடுத்த பொங்கலுக்கு நான் வாறன்," என்றாள். "படம் எடுக்க இல்லை. சும்மா வாறன்."

குரலைக் கேட்ட வீமன் எழுந்து, தொலைபேசியின் முன்புறத்தை முகர்ந்து, பின்புறத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் எமது காலடியிற் படுத்துத் தன் மூக்கை நக்கத் தொடங்கினான். காதுகளைப் பார்த்தோம், தளர்ந்து கிடந்தன. வாலைப் பார்த்தோம், நிலத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. இம்முறை அரிசிமாவுக்காகத்தான்.